எந்தக் கண் என்று எழுதவில்லை

பூவாலக்குறிச்சியில் முதல் பனி விழுந்தது அக்னி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள், பகல் பதினொன்றரை மணிக்கு, குளோரிமார்க் கம்பெனி வாட்ச்மேன் அடைக்கலத்தின் கண்ணுக்குள். டீ கிளாஸும் கையுமாக நின்றவருக்கு எதிரே இருந்த புரோட்டாக் கடை மறைந்தது, பக்கத்திலிருந்த சிமென்ட் கடை மறைந்தது, முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று பனியும், அதில் பாதி புதைந்த ஒரு சிவப்புக் காரும், காருக்கு அந்தப் பக்கம் இலையே இல்லாத ஒரு மரமும் வந்து நின்றன. ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போயின. அடைக்கலம் டீயைக் குடித்து முடித்துவிட்டு, அமெரிக்கா வரைக்கும் போய்விட்டு வந்ததாகச் சொன்னார். வேறு ஊராக இருந்தால் வேப்பிலை அடித்திருப்பார்கள், இல்லை ஆஸ்பத்திரிக்காவது தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். பூவாலக்குறிச்சிக்காரர்கள், வெயிலுக்குக் குளுகுளுவென்று இருந்ததா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அதற்கு மேல் சொல்ல அதற்கு யோக்கியதை இல்லை. பைபாஸ் ரோடு வந்த பிறகு முளைத்த ஊர். கல்யாண மண்டபமாகக் கட்டி, முகூர்த்தம் வராமல் ஈயடித்துக்கொண்டிருந்த நாலு மாடிக் கட்டடத்தில் குளோரிமார்க் வந்து உட்கார்ந்தது. விலங்கியலும் உயிர்வேதியியலும் படித்துவிட்டு வீட்டில் வெட்டியாக இருந்த இருநூறு பிள்ளைகளைப் பிடித்துப்போட்டு, கழுத்தில் அட்டையை மாட்டி, ஏசியில் உட்கார வைத்தது. வேலை இதுதான். அமெரிக்காவில் ஒருத்தருக்கு நோய் வந்தால் அங்கே டாக்டர் பக்கம் பக்கமாக எழுதுவார். அதைப் படித்து, அந்த நோய்க்குப் புத்தகத்தில் என்ன எண்ணோ அதைப் போட வேண்டும். போட்டால்தான் அங்கே காப்பீட்டுக்காரன் அசைவான்.

அந்த இருநூறு பேரில் செவ்வந்தி இருந்தது கண் பிரிவில். பார்வை போவதற்கு எத்தனை எண் என்கிறீர்கள்? வலது கண் போனால் ஒன்று, இடது போனால் ஒன்று, இரண்டும் போனால் ஒன்று, வலது முழுசாகவும் இடது பாதியாகவும் போனால் இன்னொன்று. 'அமெரிக்காவில் வரையறுத்தபடி சட்டப்படி குருடு' என்றுகூட ஒரு எண் உண்டு. சட்டப்படி குருடாவது எப்படி என்று செவ்வந்தியின் அப்பா ஒருமுறை கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எல்லாவற்றுக்கும் கடைசியில், எந்தக் கண், எவ்வளவு, எதனால் என்று டாக்டர் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் போடுவதற்கென்று ஒரு எண் இருந்தது: எச் ஐம்பத்து நாலு புள்ளி ஏழு. பார்வையிழப்பு, குறிப்பிடப்படவில்லை.

டாக்டர் எழுதாமல் விட்டால் போட வேண்டிய எண் அது. ஆனால் ஒரு ஃபைலுக்கு மூன்று நிமிஷம்தான் கொடுத்தார்கள், ஃபைலோ பன்னிரண்டு பக்கம், பதினாலு பக்கம். முதல் மூன்று பக்கத்தில் கண்ணில் பட்டால் சரி, படாவிட்டால் யார் பக்கத்தைப் புரட்டுவது, போடு குறிப்பிடப்படவில்லை. டீம் லீடர் பிரசன்னா வாய்விட்டு அப்படிச் சொன்னதில்லை. "டவுட் வந்தா டைம் வேஸ்ட் பண்ணாதீங்க" என்றுதான் சொல்வான். அது போதாதா? ஒரு நாளைக்கு நூற்றுக்கு முப்பது ஃபைல் அப்படித்தான் போயிற்று. செவ்வந்தி கையில் நாற்பது.

அப்படி எந்தக் கண் என்று சொல்லப்படாமல் போன பார்வைகள்தான், போக்கிடம் தெரியாமல், தங்களை அப்படிப் போட்ட ஊருக்கே வந்து இறங்கின. இதைக் கண்டுபிடிக்க ஒரு விஞ்ஞானியும் வரவில்லை. அந்த எண் அதிகமாகப் போன நாளுக்கு மறுநாள் காலையில் ஊருக்குள் புதிதாக நாலு பேருக்குப் பனி விழுகிறது என்று செவ்வந்தியே விரல் விட்டு எண்ணித் தெரிந்துகொண்டாள், பிரசன்னாவிடம் சொன்னாள், வெளியே சொல்லாதே என்றான், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் ஊர் அடித்த கூத்தைச் சொல்ல நாக்கு கூசுகிறது. டெய்லர் மோசஸுக்கு ஒரு சமுத்திரம் வந்தது, பாறையில் அலை மோதும் சாம்பல் நிறச் சமுத்திரம், தினமும் நாலைந்து தடவை வந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகும், அந்த மனுஷன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மளிகைக்கடை அம்மாளுக்குக் குதிரை வந்தது. ஜவுளிக்கடை முதலாளி சாமிக்கு நேர்ந்துகொண்டு காத்திருக்க, அவருக்கு வந்ததோ ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் மேல்கூரை, அதில் ஒரு டியூப்லைட். மனுஷன் அருவி வந்திருக்கிறது என்று ஊரெல்லாம் அளந்துவிட்டார். கவுன்சிலருக்கு ஒன்றுமே வரவில்லை, ஆனாலும் பெரிய வெள்ளைக் கட்டடம் தெரிகிறது என்றார், கேட்டவர்கள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆமாம் என்றார்கள். பார்வை வந்தவர்களுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். சங்கம் ஆரம்பித்தார்கள், சங்கத்துக்குள் பனி பார்த்தவர்கள் தனி வரிசை நாற்காலியிலும் மற்றவர்கள் பெஞ்சிலும் உட்கார்ந்தார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில், பையனுக்கு வெளிநாட்டுப் பார்வை ஏதாவது உண்டா என்று காப்பி கொடுப்பதற்கு முன்பே கேட்டார்கள். காலையில் கம்பெனி கேட்டில் லட்டு டப்பாவோடு கூட்டம் நிற்கும். மகளுக்குக் கல்யாணம் வருகிறது, பார்த்து ஒரு பனியாகப் போட்டுவிடும்மா என்று செவ்வந்தியின் கையைப் பிடிப்பார்கள்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. வருகிற காட்சியெல்லாம் நோயாளியின் ரகசியம், வாடிக்கையாளரின் சொத்து, யாரும் யாரிடமும் விவரித்துச் சொல்லக் கூடாது என்று காகிதம் அடித்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியது. ஊரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, போட்ட பேனாவை மூடுவதற்குள் விவரித்தது.

ஒரே ஒரு முறைதான் ஒரு பார்வை திரும்பிப் போனது. சென்னையிலிருந்து வந்த தணிக்கைக்காரர் ஒருவர் ஒரு ஃபைலை முழுசாகப் படித்து, இடது கண், கண்புரை, இவ்வளவு சதவீதம் என்று சரியான எண்ணை மாற்றிப் போட்டார். அந்த நிமிஷமே மோசஸின் சமுத்திரம் வற்றிப்போயிற்று. மோசஸ் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தத் தணிக்கைக்காரருக்கு ஊரில் ஒரு கடையிலும் டீ கொடுக்கவில்லை.

சரி, அங்கே என்ன ஆயிற்று? யாருடைய சமுத்திரம் அது? ஒரு பிள்ளை கேட்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த மெயிலைப் படித்ததால் செவ்வந்திக்குத் தெரியும். கண் போன நோயாளிகள் சிலர், கண் போனதோடு நிற்காமல், கண் இருந்தபோது பார்த்ததும் மறந்துவிட்டது என்று புகார் சொல்கிறார்கள், மகள் முகம் நினைவில் இல்லை என்று ஒரு கிழவி அழுகிறாள், உங்கள் பக்கம் ஏதாவது தவறு உண்டா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். யூனிட் ஹெட் அதைப் படித்துவிட்டு எல்லோருக்கும் கேக் வெட்டினார். நினைவு போவதற்குத் தனி எண் இருக்கிறதல்லவா, இனிமேல் ஒரு நோயாளிக்கு இரண்டு எண், இரண்டு மடங்கு வேலை. செவ்வந்தி கேக்கைத் தின்றாள். இதுகள் எல்லாம் மனுஷ ஜென்மமா என்று மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டே தின்றாள். லட்டு டப்பாக்காரர்களையும் ஃப்ளெக்ஸ்காரர்களையும் பிரசன்னாவையும் அவளுக்குக் கண்டாலே ஆகாது. அன்றைக்கு மட்டும் அவள் நாற்பத்திரண்டு ஃபைலை அப்படிப் போட்டிருந்தாள். அது அவள் கணக்கில் வரவில்லை, தன்னை யாருக்குத்தான் பார்க்கத் தெரிகிறது.

அவளுடைய அப்பா செல்லையா, பாலகுரு என்கிற தனியார் பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் டிரைவர். கண்ணழுத்தம் வந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓரங்கள் இருண்டு, கடைசியில் வலது கண் மொத்தமும் அணைந்து, இடது கண்ணில் எதிரே நீட்டுகிற விரல் தெரிகிற அளவுக்கு மட்டும் வெளிச்சம் மிச்சமிருந்தது. அம்மா பொற்கொடி செத்து மூன்று வருஷம். அந்தக் காலத்தில் அவள் பனியன் கம்பெனிக்குப் போவதற்காகத் தினமும் ஏழு பத்து பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் உட்காருவாள். டிரைவர் தலைக்கு மேலிருக்கிற கண்ணாடியில் செல்லையா அவளைப் பார்ப்பார், அவள் பார்க்காத மாதிரி பார்ப்பாள். ரெண்டு வருஷம் இப்படியே ஓட்டி, பயணிகள் எல்லோருக்கும் தெரிந்த பிறகு, கடைசியாக அவள் அப்பனுக்குத் தெரிந்து கல்யாணம் நடந்தது. கண் போய்க்கொண்டிருந்த நாளிலெல்லாம் செல்லையா மகளிடம் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்ணு போனாப் போவுது சாமி. உங்கம்மா அந்தக் கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கா. அதை எவன் கழட்ட முடியும்?"

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. மாற்றுத்திறனாளி அட்டை கிடைத்தால் ஓசி டிக்கெட்டில் ஏதாவது ஒரு பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து, கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்தே எந்த வளைவு என்று சொல்லிக்கொண்டு போய்வரலாம். அதற்கு மனுப் போட்டு, டாக்டர் பரிசோதித்து எழுதி, காகிதம் மேலே போயிருந்தது. எந்த மேலே? குளோரிமார்க்கின் நாலாவது மாடிக்கு. உள்ளூர் மருத்துவச் சான்றுகளுக்கு எண் போடுகிற வேலையைச் சோதனையாகக் கம்பெனி எடுத்திருந்தது. பெயர், ஊர், முகவரி எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பட்டை அடித்து வரும். புது வேலை என்பதால் ஒரு ஃபைலுக்கு ஒரு நிமிஷம். செவ்வந்தி ஒரே நாளில் நூற்று நாற்பது முடித்தாள், கைதட்டினார்கள்.

மறுநாள் காலையில் செல்லையா இட்லியைப் பிட்டவர் அப்படியே வைத்துவிட்டார். அப்புறம், உங்கம்மா எப்படி இருப்பா என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்து அவள், கறுப்பா குண்டா இருப்பாங்க என்றாள். அவர் சிரிக்கவில்லை. நேற்று ராத்திரி படுக்கும்போது இருந்தாள், காலையில் எழுந்து பார்த்தால் சீட்டு காலியாக இருக்கிறது, கண்ணாடியே காலியாக இருக்கிறது என்றார். அவர் கை இட்லித் தட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. இந்தப் புகாரைச் செவ்வந்தி இங்கிலீஷில் ஏற்கெனவே படித்திருக்கிறாள்.

ஆபீசுக்குப் போனால் பிரசன்னா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எட்டு மாதமாகக் காத்திருந்தும் டீமில் அவனுக்கு மட்டும் பார்வை வராமல் இருந்தது, பெண் வீட்டுக்காரர்கள் வேறு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று விடியற்காலை வந்துவிட்டது. வந்ததைப் பார்த்து அவனுக்கு அழுகையே வந்துவிட்டதாம். ஏதோ ஓட்டை பஸ், அதில் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் ஒரு பொம்பளை.

"லோக்கல் சீன், செவ்வந்தி. சுத்த லோக்கல். இதை வெளிய சொன்னா எவன் மதிப்பான்?"

செவ்வந்தி தன் இடத்துக்குப் போனாள். முந்தின நாள் முடித்த நூற்று நாற்பதையும் திறந்து, ஐம்பத்தேழு வயது, ஆண், டிரைவர் என்று இருந்ததைத் தேடி எடுத்தாள். பதினோரு பக்கம். அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஃபைலை முதல் எழுத்திலிருந்து படித்தாள். ஒன்பதாவது பக்கத்தில், கோணல்மாணலாக இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுகிற மாதிரி தெளிவாக, அந்த டாக்டர் எழுதியிருந்தார்: வலது கண் முழுப் பார்வையிழப்பு, இடது கண் விரல் எண்ணும் அளவு, காரணம் கண்ணழுத்த நோய். எந்தக் கண், எவ்வளவு, எதனால். மூன்றும் இருந்தது. அவள் ஒன்பதாவது பக்கத்துக்கு வரவே இல்லை. கீழே அவள் போட்ட எண் இருந்தது, அவளுடைய ஊழியர் எண்ணும் இருந்தது, எடுத்துக்கொண்ட நேரம் நாற்பது விநாடி என்றும் இருந்தது.

முடித்த ஃபைலைத் திருத்த வேண்டுமென்றால் டீம் லீடர் அனுமதி வேண்டும். போய்ச் சொன்னாள். இது என் அப்பா, இது என் தப்பு, ஒன்பதாம் பக்கத்தில் எல்லாம் இருக்கிறது, திருத்திவிட்டால் உங்களுக்குப் பிடிக்காத அந்தப் பொம்பளையும் போய்விடுவாள், உங்களுக்கும் நல்லது என்று கெஞ்சினாள். பிரசன்னா யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தான். திருத்தினால் அது டீமின் பிழைக் கணக்கில் ஏறும். இந்த மாதம் டீமின் துல்லியம் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. ஒரு பிழை ஏறினாலும் கம்பெனியிலேயே முதலிடம் போய்விடும், சுவரில் மாட்டியிருக்கிற கேடயத்தைக் கழற்றி இரண்டாம் மாடிக்காரனிடம் கொடுக்க வேண்டும்.

"ஃபீல் பண்ணாத. அந்த சீனை நானே வெச்சுக்கறேன்" என்றான். என்னமோ தியாகம் செய்கிறவன் மாதிரி.

அவள் மேலே யூனிட் ஹெட்டிடம் போனாள். அவர் ஏசியைக் குறைத்துவிட்டு, வாடிக்கையாளர் கேட்காத பிழை பிழையே அல்ல என்று விளக்கினார். இரண்டாவது தடவை போனபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அந்த வாரத்திலேயே அட்டைக்கான மனுவும் திரும்பி வந்தது. பார்வையிழப்பு குறிப்பிடப்படவில்லை என்பதால் நிராகரிக்கப்படுகிறது என்று அதில் அச்சடித்திருந்ததை, கேட்டே தீருவேன் என்று செல்லையா அடம்பிடித்ததால், செவ்வந்தியே படித்துக் காட்ட வேண்டியிருந்தது. படிக்கும்போது, அப்படிப் போட்டது யார் என்பதையும் சொல்லிவிட்டாள். அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கடைசியில் பிரசன்னாவே ஒரு வழி சொன்னான். வீட்டுக்கு வந்து, தனக்குத் தெரிகிறதை அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன், காதால் கேட்டு அவர் மனசில் வைத்துக்கொள்ளட்டும் என்றான். நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்வது கம்பெனி விதிப்படி குற்றம்தான், இருந்தாலும் உனக்காக என்றான். அவர்தான் அந்த நோயாளி, அது அவர் பெண்டாட்டி என்று சொல்ல செவ்வந்தி வாயெடுத்தாள், அப்புறம் அவன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அந்த மூஞ்சிக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தான். செல்லையா அதற்காக முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்றுகூட அவர் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டார். பிரசன்னா காப்பியை வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில், வந்துடுச்சு அங்கிள் என்றான். செல்லையாவின் முகம் அவன் பக்கம் அப்படியே திரும்பியது. அவர் மனைவி அந்த நிமிஷம் அந்த அறையில்தான் இருந்தாள், ஒன்றரை அடி தள்ளி, இவன் கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

பிரசன்னா சொன்னான். பெண். வயது இருபதிலிருந்து இருபத்தைந்து. மாநிறம். சேலை கட்டியிருக்கிறார். தலையில் பூ. உடல்நிலை சாதாரணம். நிறுத்திவிட்டான்.

அப்புறம் என்று கேட்டார் செல்லையா. அப்புறம் ஒன்றும் குறிப்பாக இல்லை, நார்மலாகத்தான் இருக்கிறார் என்றான். சிரிக்கிறாளா என்று கேட்டார். அப்படியும் சொல்லலாம் என்றான். செல்லையா முன்னால் குனிந்தார், பஸ்ஸை நிறுத்தி ஒருத்தரிடம் வழி கேட்கிறவர் மாதிரி பணிவாகக் கேட்டார்.

"தம்பி, மூக்குத்தி போட்டிருப்பா. எந்தப் பக்கம்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அது ஒண்ணு தெரிஞ்சா மிச்சத்தை நான் புடிச்சிருவேன்."

பிரசன்னா, ஏதோ ஒரு பக்கம் இருக்கு அங்கிள் என்றான். நன்றாகப் பாருங்கள் என்றாள் செவ்வந்தி. போயிடுச்சு என்று சொல்லி அவன் கையை விரித்தான். ஒரு நிமிஷம் முடிந்திருந்தது.

செல்லையா முகத்தை மகள் பக்கம் திருப்பினார். "நீ சொல்லு சாமி" என்றார்.

செவ்வந்தி வாயைத் திறந்தாள். இருபத்தாறு வருஷம் அம்மாவின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்றவள், அந்தக் கையால் தலை பின்னிக்கொண்டவள், அவள் செத்தபோது தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள். வலது என்று சொல்லப் போனாள், இடது மாதிரியும் இருந்தது. எழுந்து சுவரிலிருந்த படத்துக்கு ஓடினாள். ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கிய ஸ்டுடியோக்காரன், செத்தவளுக்கு மரியாதை செய்கிறேன் என்று முகம் முழுக்க வெள்ளையடித்து, மூக்குத்தியையும் சேர்த்து மெழுகிவிட்டிருந்தான். தினமும் பூ போடுகிற படம். இன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறாள். ஊரை நினைத்து, கம்பெனியை நினைத்து இத்தனை நாள் உள்ளுக்குள் துப்பிய எச்சில் எல்லாம் ஒன்றாகத் திரண்டு அவள் தொண்டையில் நின்றது. துப்ப வேறு ஆள் மூஞ்சி கிடைக்கவில்லை.

செல்லையா காத்திருந்தார். பஸ்ஸில் கடைசி ஆள் ஏறும்வரை காத்திருந்து பழகிய மனுஷன், பொறுமையாகக் காத்திருந்தார். பதில் வரவில்லை என்று தெரிந்ததும், நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"சரி விடு. குறிப்பிடப்படவில்லைன்னு போட்டுக்க."

பிரசன்னா நிம்மதியாகத் தலையாட்டினான். "கரெக்ட் அங்கிள். எழுதலைன்னா அதான் போடணும்" என்று சொல்லிவிட்டு, மீதிக் காப்பியைக் குடித்து முடித்தான்.